தந்தை பாடிய பாட்டுகள்

புகழைத் தேடித் தந்த மொழி ஒன்று; வீட்டில் ஒலித்த மொழி வேறொன்று. இவ்விரண்டனுள் முன்னதையே பற்றி நிற்போர் பலர். பின்னதை நாடிச் சென்று அதிலும் வெற்றி கண்ட பாடகி ஒருவரைப் பற்றி நாம் இங்கே கூற விரும்புகின்றோம்.

லிண்டா ரொன்ஸ்டாட் அம்மையார் 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள டூசன் நகரிற் பிறந்தவர். அவருடைய பாட்டனார் மெக்சிக்கோவின் சொனோரா மாநிலத்தவர். வண்டி கட்டும் தொழில் பழகுவதற்காக 1882இல் டூசனுக்கு வந்தவர். தொழிலோடு இசையையும் கைவிடாது, அந்நகரில் வாத்தியக் குழு ஒன்றையும் அவர் நடத்தினார். அவர் அறிந்த பழம்பாட்டுகள் மகனுக்கும், மகன் வழியே பேர்த்திக்கும் செவிவழிச் செல்வமாய் வந்து சேர்ந்தன.

இளம் பருவத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் சென்ற லிண்டா, 'ஸ்டோன் போனீஸ்' என்னும் மெல்லிசைக் குழுவிற் பாடி 1967இல் பெயர் பெற்றார். பின்னர் தனித்துப் பாடத் தொடங்கி, 1970களில் அந்நாட்டின் முன்னணிப் பாடகியருள் ஒருவரானார். பாடியவை பெரும்பாலும் ஆங்கிலப் பாட்டுகளே.

இந்நிலையில், முற்றும் ஸ்பானிய மொழியிலமைந்த இசைத்தட்டு ஒன்றை வெளியிட அவர் விரும்பினார். இசைத்தட்டு நிறுவனத்தார் தயங்கினர். ஆங்கிலப் பாட்டுக்குப் பழகிய இரசிகர் இதனை வாங்குவரோ என்பது அவர்தம் ஐயம். லிண்டாவோ தம் எண்ணத்தைக் கைவிட்டாரல்லர்.

இத்துணிவை நாம் எளிதாக மதித்தல் தகாது. ஸ்பானிய மொழியைச் சரளமாகப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. 'மரியாச்சி' எனப்படும் மெக்சிக்க இசையோ கடினமானது. வயலின், ட்ரம்பெட், கித்தார் வகைகள் யாவும் கூடி முழங்க, அம்முழக்கத்துக்கு மேலாகப் பாடுவோரின் குரல் எழவேண்டும். 'வாபாங்கோ' என்னும் பாட்டு வகையில் குரல் திடீரென உச்சத்துக்குத் தாவிக் கள்ளக்குரலில் நின்று மீளும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய வர்காஸ் குழுவினரும் பிற கலைஞரும் அவருக்குத் துணைநின்றனர்.

இசைத்தட்டு 1987இல் வெளிவந்தது. 'கன்சியோனெஸ் டி மி பாத்ரே' என்பது அதன் பெயர். 'என் தந்தையின் பாடல்கள்' என்பது பொருள். லிண்டாவின் அத்தை லூயிசா எஸ்பினெல், தம் தந்தையார் பாடியவற்றைத் தொகுத்து, 1946இல் இதே பெயரால் சிறு நூலொன்றை வெளியிட்டிருந்தார். அமெரிக்காவில் மாத்திரம் இவ்விசைத்தட்டு 20 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயிற்று. கிராமி விருதும் கிடைத்தது.

பிற்காலத்தில் நோய் அம்மையாரின் பாடும் ஆற்றலைப் பறித்தது. 2013இல் அவரே அதனை உலகறியச் செய்தார். 2019இல், மெக்சிக்க இசை பயிலும் இளைஞர் குழுவொன்றுடன், பாட்டனாரின் ஊராகிய பனாமிச்சிக்கு அவர் சென்றார். இளையோர் பாடினர், அவர் செவிமடுத்தார்.

வீட்டு முதியோர் முணுமுணுக்கும் பழம்பாட்டைப் பிள்ளைகள் கேட்டு வைத்தல் வீணன்று. அது எக்காலத்தில் எவருக்குக் கைகொடுக்கும் என்பதை நாம் யாரறிவோம்?