விடுதியும் வீடும் ஒன்றல்ல

2024 செப்டம்பர் 12 அதிகாலையில் மதுரை கட்ராபாளையத்துப் பெண்கள் விடுதி ஒன்றில் பற்றிய தீ பெண்களின் உயிரைப் பறித்தது. விடுதியை வீடாகவே பார்க்கும் பழக்கத்தை அதற்குப் பிறகாவது நாம் விட்டாக வேண்டும். 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு இரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறது. ஓரிரு குடும்பங்கள் வாழும் வீடு ஒரு வகை. தனித்தனிச் சமையலறையோடு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குடும்பங்கள் வாழும் அடுக்குமாடி இன்னொரு வகை. உறவில்லாத பலர் ஒரே நிர்வாகத்தின் கீழ்ப் படுத்துறங்கும் இடம் முற்றிலும் வேறு. காரணம் எளியது. வீட்டில் ஒருவர் விழித்தால் மற்றவர்களை எழுப்புவார். யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். விடுதியில் பக்கத்து அறையில் இருப்பவர் நேற்று வந்தவராக இருக்கலாம்.

சென்னை உயர் நீதிமன்றமே 2024இல் பெண்கள் விடுதியைக் குடியிருப்பாக ஏற்று ஜிஎஸ்டி விலக்கு அளித்ததே என்று கேட்கலாம். அந்தத் தீர்ப்பு நியாயமானது. அங்கே தங்குபவருக்கு அது வாழும் இடம்தான். ஆனால் வரிக்கான கேள்வி வேறு, இருட்டிலும் புகையிலும் எத்தனை பேர் ஒரே படிக்கட்டைத் தேடுவார்கள் என்ற கேள்வி வேறு. விதிகளை இறுக்கினால் வாடகை ஏறும் என்ற அச்சமும் உண்மையானது. உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் மதுரைக்கு வேலைக்கு வரும் பெண்களுக்கு அது பெரும் சுமை. அதனால் செலவு குறைந்தவற்றில் தொடங்கலாம்: அடைக்காத இரண்டாவது வழி, புகை எச்சரிக்கைக் கருவி, உள்ளிருந்து திறக்கும் சன்னல் கம்பி. பெண்கள் விடுதிகளுக்கான தமிழ்நாட்டின் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய விடுதிகள் உரிமம் பெற்றாக வேண்டும். அந்த உரிமத்தை வாசலிலேயே ஒட்டட்டும்.