ரேடியோவும் ஆன்டெனா ட்யூனரும் 'பேசிக்கொள்வது' எப்படி? நான்கே கம்பிகள்தான்!

ஹாம் ரேடியோ வைத்திருப்பவர்கள் 'ட்யூனர்' பட்டனை ஒரு தட்டு தட்டுவார்கள். 'டக டக டக' என்று ஒரு சத்தம் கேட்கும். சில விநாடிகளில் அடங்கிவிடும். அதற்குள் இரண்டு கருவிகள் ஒரு உரையாடலையே முடித்திருக்கும்!

ட்யூனர் எதுக்கு?

டிரான்ஸ்மிட்டர் 50 ஓம் ஆன்டெனாவை எதிர்பார்க்கும். ஆனால் 7 மெகாஹெர்ட்ஸுக்குச் சரியாக அமைந்த கம்பி, 14 மெகாஹெர்ட்ஸில் முரண்டு பிடிக்கும். எஸ்.டபிள்யூ.ஆர் 3:1 என்றால், அனுப்பும் சக்தியில் 25 சதவீதம் திரும்பி வந்துவிடும். அடி வாங்குவது அவுட்புட் டிரான்சிஸ்டர்கள்தான்.

கம்பிகளில் என்ன நடக்குது?

ஜப்பானின் ஐகாம் நிறுவனத்தின் ஏ.எச்-4 ட்யூனரையே எடுத்துக்கொள்வோம். 13.8 வோல்ட் மின்சாரத்துக்கு ஒன்று, கிரவுண்டுக்கு ஒன்று. மிச்சம் இரண்டு, 'ஸ்டார்ட்', 'கீ'. விஷயமே இந்த ரெண்டுலதான்.

பட்டனை அழுத்தியதும் ரேடியோ 'ஸ்டார்ட்' கம்பியின் வோல்ட்டேஜைக் கீழே இறக்கும். 'வேலையை ஆரம்பி' என்று அர்த்தம். பதிலுக்கு ட்யூனர் 'கீ' கம்பியைக் கீழே இழுக்கும். 'சரி, இப்போ சிக்னல் கொடு' என்று அர்த்தம். உடனே ரேடியோ, முழு 100 வாட்டில் அல்லாமல், சுமார் 10 வாட்டில் ஒரு கேரியரை அனுப்பும். திரும்பி வரும் சக்தியை அளந்துகொண்டே, ரிலேக்கள் மூலம் காயில்களையும் கெப்பாசிட்டர்களையும் ட்யூனர் மாற்றி மாற்றிச் சேர்க்கும். அதுதான் அந்த 'டக டக'. பொருத்தம் கிடைத்ததும் 'கீ' கம்பியை விட்டுவிடும், ரேடியோவும் நிறுத்திவிடும்.

அந்த நேரத்துக்கு யார் முதலாளின்னு கேட்டா, ட்யூனர்தான்!

ஏன் 10 வாட்? முழு சக்தி ஓடும்போது ரிலே மாறினால் முனைகளில் தீப்பொறி பறக்கும், கருகிவிடும். கன்ட்ரோல் கம்பி இல்லாத ட்யூனர் என்றால் சக்தியைக் குறைப்பது உங்கள் பொறுப்பு. மறந்தால் செலவுதான்.

இன்னொன்று, எல்லா நிறுவனமும் ஒரே பாஷை பேசாது. யேசுவின் சில ட்யூனர்கள் சீரியல் டேட்டாவில் பேசும். பிளக் பொருந்துதேன்னு வேறு நிறுவனத்தின் கேபிளைச் செருகினால், 13.8 வோல்ட் போகக்கூடாத பின்னுக்குப் போய்விடலாம். மேனுவலில் பின் வரிசையைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

பட்டனைத் தட்டுவதற்கு முன், அந்த அலைவரிசையில் யாராவது பேசுகிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். 10 வாட்டாக இருந்தாலும் அது வானலையில்தான் போகிறது.