தொட்டில் கட்டுமுன்

பிள்ளை பிறக்குமுன் தொட்டில் கட்டலாகாது. அதற்கெனப் புதுத் துணி வாங்கி வைத்தலும் ஆகாது. இவ்வாறு சொல்லும் மூதாட்டியர் மலையகத் தோட்டங்களில் இன்றும் உளர். தேயிலையும் இறப்பரும் வளரும் கேகாலை மாவட்டத்தில், அரநாயக்கவைச் சூழ்ந்த மலைச்சாரல்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இவ்வழக்கு புதிதன்று. இளைய தலைமுறையினர் இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுகின்றனர். ஒதுக்குவது எளிது. ஆயின் இவ்வச்சத்தின் பின்னால் நின்ற காலத்தை அறிந்துகொண்டால், அதனை எள்ளி நகையாட மனம் வாராது.

1934ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி, அடுத்த ஆண்டிலும் இலங்கையை வாட்டிய மலேரியாக் கொள்ளைநோய் மிகக் கடுமையாகத் தாக்கிய இடங்களுள் கேகாலையும் ஒன்று. 1935ஆம் ஆண்டில் இந்நாட்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் தம் முதலாண்டு நிறைவைக் காணவில்லை. ஏறத்தாழ நான்கு தொட்டில்களுள் ஒன்று வெறுமையாயிற்று. கொள்ளைநோய் ஓய்ந்து பல்லாண்டு கழிந்த பின்னரும், 1946இல் அவ்வெண் 141ஆக இருந்தது. அத்தகைய காலத்தில், ஆளில்லாத தொட்டிலைப் பார்த்திருக்கும் துயரம் ஒரு தாய்க்கு நேராதிருக்கட்டும் என்று முதியோர் கருதியிருந்தால் அதில் வியப்பேதுமில்லை.

இன்று ஆயிரத்துக்குப் பத்துக் குழந்தைகளேனும் அவ்வாறு இறப்பதில்லை. இலங்கை மலேரியாவினின்று முற்றாக விடுபட்ட நாடென உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு சான்றளித்தது. அச்சத்தின் காரணம் பெரும்பாலும் அகன்றுவிட்டது. எனினும் வழக்கைப் போற்ற விரும்புவோர் போற்றலாம். தொட்டிலைப் பிள்ளை வந்த பின்னரே கட்டட்டும். ஆனால் அதற்கு வேண்டிய துணியையும் கயிற்றையும் முன்னரே தெரிந்து வைப்பதை எந்த வழக்கும் தடுப்பதில்லை. பழந்துணியே பிள்ளைக்கு முதலுடை என்ற மரபும் நல்லதே. பலமுறை துவைத்த பருத்தித் துணியினும் மென்மையானது கடையிற் கிடைப்பது அரிது.

ஆயத்த வேலையை எப்பொழுது தொடங்குவது? வளைகாப்பு நிகழும் ஏழாம் மாதமே தக்க காலம். தோட்டங்களில் வேலை செய்யும் பெண்களுக்கு 1939ஆம் ஆண்டின் பேறுகால நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ் விடுமுறை உண்டெனினும், அதிற் பேற்றுக்கு முன்னுள்ள பகுதி இரு வாரங்களே. நாளெல்லாம் மலையேறிக் கொழுந்தெடுத்துத் திரும்பும் ஒருத்தி அவ்விரு வாரங்களில் எல்லாவற்றையும் தைத்து முடித்தல் இயலாது. முடிக்க முனைதலும் கூடாது. உட்கார்ந்து செய்யும் தையல் அவளுடையதாகலாம். ஏணியேறுதல், பாரந் தூக்குதல், சுவருக்கு வர்ணம் பூசுதல், பூச்சிமருந்து தெளித்தல் ஆகியன கணவனுக்கும் வீட்டிலுள்ள ஏனையோருக்கும் உரியன.

முதலில் துணி. ஒரு பருத்திச் சேலை ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் நீளமும் 110 சென்ரிமீற்றர் அகலமும் உடையது. அகலத்தை இரண்டாகவும் நீளத்தைப் பத்தாகவும் வகுத்தால் 55 சென்ரிமீற்றர் கொண்ட இருபது சதுரங்கள் கிடைக்கும். நைந்த சேலையானால் இரண்டு சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்தல் நன்று. எனவே இரண்டு பழஞ் சேலைகளிலிருந்து இருபது இரட்டைத் துணி நாப்பிகள் ஆகும். அரநாயக்கவிலோ மழைநாள் மிகுதி. காலையில் துவைத்தது மாலையில் உலர்வது உறுதியன்று. ஆதலால் இருபதுக்குக் குறையாமல் வைத்திருத்தல் வேண்டும்.

வெட்டிய ஓரங்களை மடித்து நெருக்கமாகத் தைப்பது அழகுக்காக மட்டுமன்று. தொங்கும் நூலிழை ஒன்று பச்சிளங் குழந்தையின் விரலிற் சுற்றிக்கொண்டால், இரத்தவோட்டம் தடைப்பட்டு விரல் வீங்கிக் கறுக்கக்கூடும். குழந்தை காரணந் தெரியாமல் அழும்போது கைவிரலையும் கால்விரலையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நன்று. கையுறை, காலுறை தைப்போர் உட்புறத்து நூல்களை ஒட்ட நறுக்கிவிடல் வேண்டும். சட்டைகள் முன்புறம் திறப்பனவாகவும், தையல்மடிப்பு வெளிப்புறம் அமைவனவாகவும் இருக்கட்டும். பொத்தானுக்கும் ஊசிக்கும் பதிலாக நாடா போதும்; அதுவும் நான்கு விரற்கடைக்கு மேல் நீளல் ஆகாது. கழுத்தைச் சுற்றி நாடாவோ, கயிறோ, வசம்பு மாலையோ இருத்தல் தகாது. உறக்கத்தில் அது எங்கேனும் மாட்டி இறுகினால் குழந்தையாற் கூவவும் இயலாது.

தைத்து முடித்தவற்றைச் சவர்க்காரமிட்டுத் துவைத்து, நன்றாக அலசி, கொதிநீரில் பத்து நிமிடம் வைத்து, வெயிலில் உலர்த்தல் வேண்டும். மழைக்காலத்தில் இஸ்தோப்பில் மூங்கிற் கழி கட்டி உலர்த்தலாம். அடுப்புக்கு மேலே உலர்த்தினால் துணியெங்கும் புகை ஏறும். சிரட்டைக்கரிப் பெட்டியால் அழுத்துவோர் அதனையும் வெளியிலேயே செய்தல் வேண்டும். எரியும் கரியினின்று வரும் நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கதவடைத்த அறையில் தணற்சட்டி வைத்தலும் இக்காரணத்தாலேயே தகாது.

அடுத்து, குழந்தை உறங்கும் இடம். பழைய லயக் காம்பராக்களுட் பல பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவே உடையன. அந்த ஓரறைக்குள் தாய்க்கும் பிள்ளைக்கும் எங்கே இடமென்று கேட்கலாம். விடை எளியது: தாயின் பாயருகே பிள்ளைக்கென ஒரு தனிப் பாய். பன்பாயின் மேல் ஒரு கம்பளியை மடித்து விரித்து, அதன்மேல் துணியை இழுத்துச் செருகிவிட்டால் படுக்கை ஆயிற்று. இலவம் பஞ்சு மெத்தை தைக்க விரும்புவோர் பஞ்சை இறுக அடைத்துத் தட்டையாகத் தைத்தல் வேண்டும். உள்ளங்கையால் அழுத்திக் கையை எடுத்தால் பள்ளம் விழலாகாது. மெத்தென்று அமிழும் மெத்தை பெரியோருக்குச் சுகம்; தலையைத் திருப்பவும் வலுவில்லாத சிசுவுக்கோ அது மூச்சடைப்பு.

தலையணை பற்றியும் ஒன்று சொல்லுதல் வேண்டும். தலை உருண்டையாக அமையும் என்று கடுகை நிரப்பிச் சிறு தலையணை தைப்பது பல குடும்பங்களில் வழக்கம். அன்பினாற் செய்வதே, எனினும் முதலாண்டில் குழந்தைக்குத் தலையணை வேண்டியதில்லை. குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்தலே பாதுகாப்பானது. 1990களில் பல நாடுகள் இதனைத் தாய்மாருக்குப் பரவலாக எடுத்துரைத்த பின், உறக்கத்தில் திடீரென நேரும் சிசு மரணங்கள் அந்நாடுகளிற் பெருமளவு குறைந்தன. பணமும் மருந்தும் வேண்டாத காவல் இது.

இனித் தொட்டில். சேலைத் தொட்டிலின் இதமான அசைவில் அழுகை அடங்காத குழந்தை அரிது. கட்டுபவர் மூன்றைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, கட்டப்படும் மரம். பழைய லயங்களின் கூரைமரத்தைக் கறையான் உள்ளே தின்றிருக்கும், வெளியே தெரியாது. கத்திமுனையாற் பல இடங்களிற் குத்திப் பார்த்து, உறுதியான மரத்தையே தெரிந்தெடுத்தல் வேண்டும். குழந்தையின் எடை மூன்று கிலோவாயினும், இருபது கிலோ அரிசி மூட்டையைத் தொட்டிலில் இட்டு ஓரிரவு தொங்கவிட்டுப் பார்ப்பதே உரிய சோதனை. இரண்டாவது, உயரம். அடிப்புறம் நிலத்திலிருந்து ஒரு முழத்துக்கு மேற் செல்லாதிருப்பதும், கீழே மடித்த கம்பளி கிடப்பதும் நன்று. மூன்றாவது, அகலம். இருபுறமும் குறுக்குக் கம்பு செருகாத தொட்டிலில் துணி குவிந்து முகத்தை மூடும். குழந்தையின் உடல் வில்லாக வளைந்து, நாடி நெஞ்சில் அழுந்தி, மூச்சுவழி குறுகும்.

ஆகவே தொட்டிலை அழுகை ஆற்றும் இடமாகக் கொள்க. உறங்கும் இடம் பாயே. கண் அயர்ந்த குழந்தையை மெல்ல எடுத்துப் பாயில் மல்லாக்கக் கிடத்துதல் வேண்டும். குறைமாதத்திற் பிறந்த சிசுவைத் தொட்டிலில் இடுவதைத் தவிர்த்தல் நலம். குழந்தை புரளத் தொடங்கியதும் தொட்டிலின் காலம் முடிந்தது. பயன்படாத வேளையில் அதனைச் சுருட்டி உயரத்தில் முடிந்து வைத்தல் வேண்டும். ஊஞ்சலென்று ஏறிச் சுற்றும் மூத்த பிள்ளைகளின் கழுத்தில் அத்துணி இறுகக்கூடும்.

பாயும் தொட்டிலும் நன்கமைந்தாலும், அறையிற் புகை சூழ்ந்திருந்தால் பயன் குறைவு. விறகுப் புகையைச் சுவாசிக்கும் குழந்தைகளை நிமோனியா எளிதிற் பற்றும். பச்சை விறகே மிகுதியாகப் புகையும். எனவே இறப்பர் விறகையும் கவ்வாத்து செய்த தேயிலை மிலாறையும் இரு மாதங்களுக்கு முன்பே பிளந்து, நனையாத இடத்தில் அடுக்கி வைத்தல் தந்தை தன் பிள்ளைக்குச் செய்யும் முதற் பணிகளுள் ஒன்றாகும். இரு பானைகள் வைக்கத்தக்க அனகி என்னும் மண்ணடுப்பு விறகைக் குறைவாகவே தின்னும். சமைக்கும் வேளையில் பின்கதவைத் திறந்து வைத்தலும், பிள்ளையை இஸ்தோப்புப் பக்கம் கொண்டு செல்லுதலும் செலவில்லாத பரிகாரங்கள். குளிப்பாட்டிய பின் சாம்பிராணிப் புகை காட்டுவோர் அதனை விட்டுவிட்டு, உலர்ந்த துணியால் தலையைத் துவட்டினால் போதும்.

மலேரியா நீங்கினும் டெங்கு நீங்கவில்லை. அதனைப் பரப்பும் நுளம்பு பகலிற் கடிப்பது. பகலுறக்கத்துக்கு ஒரு சிறு வலை வேண்டும். மூங்கிற் பிளாச்சுகளைக் கவிழ்த்த கூடைபோல் வளைத்துக் கட்டி, வலைத்துணியை மேலே இழுத்துத் தைத்துவிட்டால், ஒரு பிற்பகலில் வேலை முடியும். பிளாச்சின் கூர்முனைகளைத் துணியாற் சுற்றிவிடல் வேண்டும். வலை முகத்தில் விழாத உயரத்தில் அமைவதும் முக்கியம்.

விளையாட்டுப் பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதற் சில மாதங்களில் தாயின் முகமும் குரலுமே போதும். பின்னர், துணித் துண்டுகளை அடைத்து இரட்டைத் தையலிட்ட பந்து ஒன்று நல்ல துணை. பொம்மைக்குக் கண்ணாகப் பொத்தானைத் தைக்காமல் நூலால் பின்னுக. சிரட்டையிலோ சுரைக்குடுக்கையிலோ கிலுகிலுப்பை செய்வோர் குன்றிமணியை அதனுள் இடவே கூடாது. சிவப்பும் கறுப்புமாய்க் கண்ணைக் கவரும் அவ்விதை கொடிய நஞ்சு. ஒன்றை மென்று விழுங்கினாலும் குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

தோட்டத்தில் எளிதாகக் கிடைக்கும் சில பொருள்களை வீட்டுக்குள் எடுத்தல் ஆகாது. களைகொல்லியும் பூச்சிமருந்தும் வந்த கலன்கள் எத்தனை முறை கழுவினும் குளிப்பாட்டும் நீருக்கு உதவா. உரச் சாக்கைப் பாய்க்கு அடியில் விரித்தலும் தகாது. கொழுந்தெடுக்கையில் இடையிற் கட்டும் படங்கைக் கழற்றி, கைகால் கழுவி, உடை மாற்றிய பின்னரே பிள்ளையைத் தூக்குதல் வேண்டும்.

இவ்வளவும் முடிந்தபின் தைக்கவேண்டியது ஒன்றுண்டு: ஒரு பை. தடித்த துணியில், தோளில் மாட்டத்தக்க வாருடன், உள்ளே பொலித்தீன் உறை வைத்துத் தைத்தது. அதனுள் கர்ப்பவதியின் மருத்துவப் பதிவேடு, அடையாள அட்டை, தாய்க்கு இரண்டு உடுப்புகள், பிள்ளைக்குப் பத்துத் துணி நாப்பிகள், இரண்டு சட்டைகள், ஒரு போர்வை, சவர்க்காரம், கைவிளக்கு, வண்டிச் செலவுக்கான பணம் ஆகியன இருத்தல் வேண்டும். பை கதவருகே தொங்கட்டும். நள்ளிரவில் வலி கண்டாலும், தேடுவதற்கு நேரம் செலவாகாது.

அந்தப் பைக்கு வேறொரு பயனும் உண்டு. 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள், பெருமழையின் பின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து சிரிபுர முதலான கிராமங்களை மூடிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். அதே நாளில் அம்மாவட்டத்துப் புளத்கொஹுபிட்டியப் பகுதித் தோட்டமொன்றிலும் லயத்தில் வாழ்ந்தோர் மண்ணிற் புதையுண்டனர். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்ததும், நிலத்திலோ சுவரிலோ புதிதாக வெடிப்புக் கண்டதும், மரங்கள் சாயத் தொடங்கியதும், வீட்டின் பின்மேட்டில் கலங்கல் நீர் திடீரென ஊறியதும், இருளென்றும் மழையென்றும் பாராமல் வெளியேறுதல் வேண்டும். நிறைமாதக் கர்ப்பவதியும் பச்சைப் பிள்ளையும் விரைந்து நடக்க இயலாதவர்கள். அவர்களே முதலிற் புறப்படல் வேண்டும். பிள்ளையை யார் எடுப்பது, பையை யார் எடுப்பது, எவ்வழியே எங்கே செல்வது என்பனவற்றை மழைக்கு முன்பே வீட்டார் கூடிப் பேசி வைத்தல் நன்று.

ஐயமேற்பட்டால் கேட்பதற்குக் குடும்பநல மருத்துவமாது இருக்கிறார். அவர் வீட்டுக்கு வரும்போது, தைத்த துணியையும் பிள்ளைக்கு ஒதுக்கிய இடத்தையும் தயங்காது காட்டலாம். இடம் சிறிதென்று வெட்கப்பட வேண்டியதில்லை. இங்கே சொல்லியவற்றுள் பெரும்பாலானவை இரண்டு பழஞ் சேலை, ஒரு பாய், சிறிது மூங்கில், நல்ல கயிறு ஆகியவற்றுள் அடங்கிவிடுகின்றன.

இத்தனையும் ஆயத்தமாக இருக்க, தொட்டில் மட்டும் மடித்தபடி காத்திருக்கட்டும். தாயும் பிள்ளையும் மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின், சோதித்த மரத்தில், சோதித்த கயிற்றால், வீட்டு மூதாட்டியே தம் கையாற் கட்டட்டும்.