ஒரு காட்டு வாத்தை க்ளிக் பண்ண எத்தனை மாசம் காத்திருக்கணும்? - வண்டலூர் டு பள்ளிக்கரணை பறவை கைடு!

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போனா, புலி, சிங்கம், யானையைப் பார்த்துட்டு நாலு செல்ஃபியோட திரும்பிடுவோம். அதே பூங்காவுக்குள்ள ஓட்டேரி ஏரின்னு ஒண்ணு இருக்கு. அங்கே வந்து இறங்குற பறவைகளுக்குக் கூண்டு கிடையாது, பேர்ப்பலகை கிடையாது. பிடிச்சா தங்கும், பிடிக்கலைன்னா பறந்துடும். தண்ணியில மிதக்குற ஒரு காட்டு வாத்தை நல்லா ஒரு போட்டோ எடுக்குறது புலியை எடுக்குறதைவிடக் கஷ்டம்கிறது அங்கே நின்னு பார்த்தாதான் புரியும்.

எதைத் தேடுறது?

தென்சென்னை நீர்நிலைகளில் வருஷம் முழுக்க இருப்பது புள்ளிமூக்கு வாத்து. கறுப்பு அலகு, அதன் நுனியில் மஞ்சள், அடியில் சிவப்புப் பொட்டு. ஆண், பெண் இரண்டும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இதுதான் சரியான மாடல்.

குளிர்கால விருந்தாளிகள் வேற. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி எல்லாம் ஐரோப்பா, சைபீரியா பக்கமிருந்து வருபவை. நீலச்சிறகியின் எடை சுமார் 400 கிராம்தான். அவ்வளவு சின்ன உடம்பை வெச்சுக்கிட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருது. வண்டலூரிலிருந்து தாம்பரம், மேடவாக்கம் வழியா போனா பெரும்பாக்கம் சதுப்பு நிலம், அதைத் தாண்டி பள்ளிக்கரணை. இவற்றைத் தேட ஏற்ற இடங்கள் இவை.

நவம்பரில் ஏமாற்றம், மார்ச்சில் ஆச்சர்யம்

நவம்பரில் போய், "எங்கப்பா கலர்? எல்லாமே பழுப்பா இருக்கே"ன்னு திரும்பினவங்க நிறைய பேர். காரணம் இருக்கு. இனப்பெருக்கம் முடிந்ததும் வாத்துகள் பறக்க உதவும் இறகுகளை மொத்தமா உதிர்க்கும். சில வாரங்களுக்குப் பறக்கவே முடியாது. அந்த நேரத்தில் எதிரி கண்ணில் படாமல் இருக்க, ஆண் வாத்து பெண்ணைப் போலவே மங்கலான நிறத்துக்கு மாறிவிடும். நீலச்சிறகி அந்த மங்கல் உடையை மற்ற வாத்துகளைவிட ரொம்ப நாள் போட்டிருக்கும். பிப்ரவரி, மார்ச் வாக்கில்தான் கண்ணுக்கு மேலே வெள்ளைப் பிறை, செம்பழுப்புத் தலை, சாம்பல் விலான்னு முழு அலங்காரம் வரும். அப்புறம் சீக்கிரமே ஊருக்குக் கிளம்பிடும். ஆக, பொறுமைன்னா அரைமணி நேரம் உட்காருவது மட்டுமில்ல, சில மாசம் காத்திருப்பதும்தான்!

வெளிச்சம் எங்கே இருக்கு?

வாத்துச் சிறகில் பச்சையா மின்னும் பட்டை வெறும் சாயம் இல்ல. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் தெரியும் நிறம் அது. கோணம் மாறினா பச்சை கறுப்பாகிடும். அதனால சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கட்டும். காலை 6 முதல் 8 மணி வரை இளவெயில்ல எடுங்க. உயிரியல் பூங்கா காலை 9 மணிக்குத்தான் திறக்கும், செவ்வாய்க்கிழமை விடுமுறை. அங்கே மாலை வெயில்தான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

போன்ல எடுக்க முடியுமா?

முடியும், ஆனா ரெண்டு விரலால ஜூம் பண்ணாதீங்க, படம் பிசிறடிக்கும். ஒரு பைனாகுலரின் கண்வில்லையில் போன் கேமராவை ஒட்டிப் பிடிச்சு எடுங்க. திரையில் வாத்தை அழுத்திப் பிடிச்சு ஃபோகஸை லாக் பண்ணி, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க. கேமரா வெச்சிருக்கிறவங்களுக்கு, நீந்தும் வாத்துக்கு ஷட்டர் ஸ்பீடு 1/500, பறக்கும் வாத்துக்கு 1/1000-க்கு மேல. ஃபோகஸ் எப்பவும் கண்ணில்.

நின்னுக்கிட்டு எடுக்காம உட்கார்ந்து எடுங்க. கேமரா எவ்வளவு தாழ்வா இருக்கோ, படம் அவ்வளவு உயிரோட இருக்கும். மங்கலான கலர்ல டிரஸ், சைலன்ட்ல போன். ஆடாம அசையாம இருந்தா, கொஞ்ச நேரத்தில் உங்களையும் ஒரு கல்லுன்னு நினைச்சு வாத்துகளே பக்கத்துல வரும்.

படம் முக்கியமா, பறவை முக்கியமா?

மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் திடீர்னு கழுத்தை நீட்டி நிமிர்ந்து பார்த்தா, 'போதும், கிட்ட வராதே'ன்னு அர்த்தம். அங்கேயே நின்னுடுங்க. பறக்குற ஷாட்டுக்காகக் கல் எறிவது, கைதட்டுவது, ட்ரோன் விடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். இங்கே தின்னு சேர்க்கும் கொழுப்புதான் திரும்பிப் போகும் பயணத்துக்குப் பெட்ரோல். நாம ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அதுல கொஞ்சம் எரிஞ்சுபோகுது.

அதுங்களுக்கு இடமும் சுருங்கிக்கிட்டே வருது. குப்பைக் கிடங்கும் கட்டடங்களும் தின்றது போக மிஞ்சிய பள்ளிக்கரணைக்கு 2022-ல் ராம்சர் அந்தஸ்து கிடைச்சது. இங்கே என்னென்ன பறவை வருதுங்கிறதுக்கு உங்க போட்டோவும் ஒரு சாட்சி. தேதி, இடத்தோட இ-பேர்டு ஆப்பில் பதிவு பண்ணுங்க. ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பிலும் யார் வேணும்னாலும் சேரலாம்.

முதல் நாள் ஒரு நல்ல படம்கூட வராம போகலாம். பரவாயில்ல, வெள்ளைப் பிறைக்கு மார்ச் வரைக்கும் டைம் இருக்கு!