தாய்ப்பத்திரமும் கணினிச் சான்றும்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் வழியில் உள்ள காரியாபட்டி என் ஊர். வானம் பார்த்த பூமி. அங்கே ஒரு குறுக்கம் நிலம் வாங்குவதென்றாலும், பெரியவர்கள் விற்பவரின் பத்திரத்தை மட்டும் நம்பி முன்பணம் கொடுத்துவிட மாட்டார்கள். “இவருக்கு விற்றவர் யார்? அவருக்கு இது எப்படி வந்தது?” என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போவார்கள். தாய்ப்பத்திரத்தைக் கண்டு, வில்லங்கச் சான்றும் எடுத்துப் பார்த்த பிறகே விலை பேசுவார்கள். இந்த வழக்கத்தை அறிந்தவர்களுக்கு, இன்று கணினியும் கைப்பேசியும் கண் இமைக்கும் நேரத்தில் செய்து முடிக்கும் ஒரு சோதனையை விளக்குதல் கடினமன்று.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் கணினி மையம் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். மகளின் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்த ஓர் அம்மையார் வந்தார். அன்றே கடைசி நாள். அவர் கையில் இருந்தது வங்கி அட்டை. அதற்குப் பின்னால் இருந்தது தீப்பெட்டி ஆலைக் கூலியில் மிச்சம் பிடித்த பணம். பக்கத்தைத் திறந்தால், இணைப்பு பாதுகாப்பானதன்று என்ற எச்சரிக்கை திரையில் தோன்றிற்று. மையத்து இளைஞர், “இது தினமும் வருவதுதான் அம்மா, தாண்டிப் போய்விடலாம்” என்றார். சற்றுப் பொறுக்கச் சொல்லி, எச்சரிக்கையின் காரணத்தைப் படித்துப் பார்த்தேன். தேதிதான் கோளாறு. கணினிக்குள் கடிகாரத்தை ஓட்டும் சிறு பேட்டரி தீர்ந்து, நாள்காட்டி பல ஆண்டுகள் பின்னே போயிருந்தது. அந்தக் கணினியின் கணக்கில், கல்லூரியின் சான்று இன்னும் பிறக்கவே இல்லை! தேதியைத் திருத்தினோம், எச்சரிக்கை மறைந்தது, கட்டணமும் சென்று சேர்ந்தது. ஆயினும் என் மனம் அமைதியடையவில்லை. பொய் எச்சரிக்கையைத் தினமும் தள்ளிப் பழகிய கை, மெய்யான எச்சரிக்கை வரும் நாளில் மட்டும் நின்றுவிடுமா?

அந்த எச்சரிக்கை எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். நாம் ஒரு வங்கியின் பக்கத்தைத் திறக்கும்போது, பேச்சு முழுவதும் பிறர் படிக்க இயலாத மறைமொழியில் நடைபெறுகிறது. ஆனால், மறுமுனையில் இருப்பவன் திருடனாயின் மறைமொழியால் என்ன பயன்? ஆகவே வங்கியின் கணினி முதலில் தன் சான்றை நீட்டுகிறது. இன்ன பெயருக்கு இன்ன திறவுகோல் உரியது என்பதே அதன் வாசகம். அதன் கீழ், சான்று வழங்கும் நிறுவனம் ஒன்றின் மின்னணுக் கையொப்பம் இருக்கும். அந்த நிறுவனத்துக்கு அவ்வுரிமையை அளித்தது அதற்கு மேலுள்ள மற்றொன்று. இவ்வாறு ஏறிச் சென்று, மூலச் சான்று என்னும் தாய்ப்பத்திரத்தில் முடிவது சான்றுத் தொடர். இச்சான்றின் அமைப்பை வகுத்த எக்ஸ்.509 என்னும் நெறி 1988-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இத்தொடர் பாதுகாப்பான இணைப்புக்கு ஏற்றதுதானா என்று அறிய, நம் கருவி ஆறு கேள்விகளைக் கேட்கிறது.

முதலாவது, பெயர் பொருந்துகிறதா? பக்கத்து நிலத்தின் பத்திரத்தைக் காட்டி இந்த நிலத்தை விற்க இயலாது. இரண்டாவது, காலம் சரிதானா? சான்றின் ஆயுள் வரவரக் குறைந்து வருகிறது. 2020 செப்டம்பர் முதல் 398 நாளே உச்ச வரம்பு என்று இருந்ததை, 2029 மார்ச்சுக்குள் படிப்படியாக 47 நாளாகக் குறைப்பதென 2025 ஏப்ரலில் முடிவாயிற்று. மூன்றாவது, ஒவ்வொரு கையொப்பமும் மேலே உள்ளவருடையதுதானா? நடுவே ஒரு சான்று விடுபட்டாலும் தொடர் அறுந்துபோகும். நான்காவது, கையொப்பமிட்டவருக்குப் பிறருக்குச் சான்று வழங்கும் உரிமை உண்டா? குடியிருக்க உரிமை பெற்றவர் வீட்டை விற்கலாகாது அன்றோ? 2002-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்னும் உலாவி இந்த ஒரு கேள்வியைக் கேட்க மறந்திருந்தது வெளிப்பட்டது. சாதாரணச் சான்று வைத்திருந்த எவரும் உலகிலுள்ள எந்தப் பெயருக்கும் சான்று எழுதிவிடக்கூடிய நிலை அது. ஐந்தாவது, இணையதளத்தின் அடையாளத்தைக் காட்டுவதற்கென்றே இச்சான்று வழங்கப்பட்டதா, அல்லது மின்னஞ்சலில் கையொப்பமிடுதல் போன்ற வேறு பணிக்கானதா? ஆறாவது, இடையில் இரத்து செய்யப்பட்டதா? இது நம் வில்லங்கச் சான்றுக்கு ஒப்பானது.

இவ்வளவும் சரியாக இருப்பினும், எல்லாவற்றுக்கும் மேலேயுள்ள மூலச் சான்று மெய்யென்று சொல்பவர் யார்? அது தனக்குத் தானே கையொப்பமிட்டுக்கொண்டது. அதற்கு மேல் சாட்சி இல்லை. ஆகவே நம்பத்தக்க மூலச் சான்றுகளின் பட்டியல் ஒன்று, நாம் வாங்கும்போதே கருவியில் பதிந்து வருகிறது. பட்டியல் பழையதாகிவிட்டால் நேர்மையான தளமும் நுழைய முடியாமற் போகும். 2021 செப்டம்பர் 30 அன்று பெரிதும் பயன்பட்டுவந்த ஒரு மூலச் சான்றின் காலம் முடிந்தபோது, புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பல அவ்வாறு திகைத்து நின்றன.

பட்டியலில் உள்ளவரே தவறினால் என்ன ஆகும்? 2011-இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் 500-க்கும் மேற்பட்ட போலிச் சான்றுகளை உருவாக்கினர். கூகுளின் பெயரில் எழுந்த போலிச் சான்று, ஈரானிய மக்களின் கடிதப் போக்குவரத்தை ஒட்டுக்கேட்கப் பயன்பட்டது. நிறுவனம் அவ்வாண்டே திவாலாயிற்று.

நம் நாட்டிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி, சான்று வழங்குவோரை மேற்பார்வையிட ஒரு கட்டுப்பாட்டு அதிகாரி உள்ளார். அவர் கீழ் உரிமை பெற்றிருந்த தேசியத் தகவலியல் மையத்தின் இடைச் சான்றுகளிலிருந்து, கூகுளின் பெயர்களுக்கு அனுமதியற்ற சான்றுகள் புறப்பட்டிருப்பதை 2014 ஜூலை 2 அன்று அந்நிறுவனம் கண்டது. மறுநாளே அவ்விடைச் சான்றுகளைக் கட்டுப்பாட்டு அதிகாரி இரத்து செய்தார். இந்திய மூலச் சான்றை விண்டோஸின் பட்டியல் ஏற்றிருந்தது; ஆகவே அதனைச் சார்ந்த உலாவிகளுக்கே ஆபத்து. தனிப் பட்டியல் கொண்ட ஃபயர்ஃபாக்ஸ் இதில் சிக்கவில்லை. நம்பிக்கை என்பது கணிதம் மட்டுமன்று, யாரை நம்புவது என்ற தேர்வுங்கூட என்பதை இது காட்டுகிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். சான்று பெயரைத்தான் உறுதி செய்கிறது, நேர்மையை அன்று. எங்கள் மாவட்டத்துச் சிவகாசியின் பெயரைச் சொல்லி, பாதி விலையில் பட்டாசு என்று தீபாவளிக்கு முன் முளைக்கும் போலித் தளங்களை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இணையவழி வணிகத் தளங்கள் பட்டாசு விற்கலாகாதென உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் ஆணையிட்டது. ஆயினும் அத்தகைய போலித் தளமும் தன் பெயருக்கு முறையான சான்றைச் செலவின்றிப் பெற்றுவிட முடியும். சான்று அங்கே பொய் சொல்லவில்லை; இந்தப் பெயருடைய தளத்தோடுதான் பேசுகிறீர்கள் என்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் கடை இருக்கிறதா, அங்கே பட்டாசு இருக்கிறதா என்பதை அது சொல்லாது. பத்திரம் சுத்தமாயிருந்தாலும் நிலத்தில் நீர் இருக்கிறதா என்பதை நாமே சென்று பார்க்க வேண்டும்.

ஆகவே நேயர்களே, எச்சரிக்கை வந்தால் தாண்டிச் செல்லாதீர்கள். முதலில் தேதியைப் பாருங்கள், பிறகு முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள், கருவியைப் புதுப்பியுங்கள். அதன் பிறகும் எச்சரிக்கை நீங்காவிடில், பணம் செலுத்தாமல் உரியவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். கடைசி நாளாயிருந்தாலும் அந்த ஐந்து நிமிடம் வீணன்று. அந்த மையத்து இளைஞர் இப்போது புதிய பேட்டரி வாங்கிப் பொருத்திவிட்டார். எச்சரிக்கை வந்தால், அம்மா, சற்றுப் பொறுங்கள் என்கிறார்.