1018-ஆல் தாவி எண்ணுவது: ஒரு நெல் மூட்டைக் கணக்கு

தாவி எண்ணுவது என்றால் பள்ளிக்கூடத்தில் 2, 5, 10 தான். மிஞ்சிப்போனால் 25. பெரிய எண்ணால் தாவி எண்ணுவதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆனால் திருத்துறைப்பூண்டி பக்கம் அறுவடை முடிந்து நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போடுகிற எல்லாருக்கும் அப்படி ஒரு எண் இருக்கு: 1018.

எப்படி வந்தது? 2025 செப்டம்பர் 1-லிருந்து சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2545 ரூபாய் (மத்திய அரசின் ஆதரவு விலை 2389, மாநில ஊக்கத்தொகை 156). கொள்முதலில் ஒரு மூட்டை 40 கிலோ. 2545-ல் நூற்றுக்கு நாற்பது பங்கு எடுத்தால் 1018. பொது ரகம் 2500, அதனால் மூட்டை சரியா ஆயிரம். அதில் எண்ணுறதுக்கு ஒண்ணுமே இல்லை!

1018-ஐ எழுதிப் பாருங்க: 1018, 2036, 3054, 4072, 5090, 6108, 7126, 8144, 9162, 10180. உண்மையில் இது ரெண்டு வாய்ப்பாடு ஒட்டிக்கிட்டு ஓடுறது. இடப்பக்கம் மூட்டை எண்ணிக்கை, வலப்பக்கம் 18-ஆம் வாய்ப்பாடு. 55 மூட்டை வரைக்கும் (55,990) ஆயிரங்களில் மூட்டை எண்ணிக்கைதான் நிற்கும். 56-ல் 18-ன் வாய்ப்பாடு ஆயிரத்தைத் தாண்டிவிடும், தொகை 57,008. அங்கேதான் மனக்கணக்கு போடுறவங்க தடுமாறுவாங்க.

இதைவிட எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணு. தொகையின் இலக்கங்களை ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டுங்க. 1018 → 10 → 1. 2036 → 11 → 2. 3054 → 12 → 3. அப்படியே 9 வரை போய் மறுபடி 1. ஏன்னா 1018 என்பது 9 × 113-க்கு மேலே ஒண்ணு. ஒவ்வொரு மூட்டையும் ஒன்பதின் மடங்கைத் தாண்டி ஒரே ஒரு படி வைக்குது. ஆகவே மூட்டை எண்ணிக்கையைக் கூட்டி வர்றதும் தொகையைக் கூட்டி வர்றதும் ஒண்ணா இருக்கணும். 25 மூட்டை, 25,450 ரூபாய்: ரெண்டும் 7. பேனா பேப்பர் வேண்டாம், பணம் வங்கியில் விழுந்த குறுஞ்செய்தியைப் பார்த்தே சொல்லிடலாம்.

இதற்கு முந்தின பருவத்தில் சன்ன ரகம் 2450, மூட்டைக்கு 980. அது 9 × 109-க்கு ஒண்ணு குறைவு. அதனால் இலக்கக் கூட்டல் 8, 7, 6 என்று இறங்குமுகமா வந்தது. மூட்டையையும் தொகையையும் சேர்த்தால் 9 வரணும். அதற்கும் முந்தி 2310, மூட்டைக்கு 924. அதில் 6, 3, 9 என்று மூணே மூணு எண்தான் சுத்திச் சுத்தி வரும். சோதனைக்கு லாயக்கில்லாத விலை! விலை மாறும்போது இந்தக் குணமும் மாறுது என்பதை ஒவ்வொரு வருஷமும் போட்டுப் பார்க்கிறது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது.

மரக்கால் காலத்தில் இவ்வளவு பெரிய தாவல் தேவைப்படலை. ஒண்ணு என்பதற்குப் பதில் "லாபம்" என்று தொடங்கி, ஒவ்வொண்ணா அளந்து, 12 மரக்கால் ஆனால் ஒரு கலம். எண்ணிக்கை சத்தமா, எல்லார் காதிலும் விழும். இப்போ எண்ணுவது தராசும் ரசீதும்.

அதனால்தான் ஒன்பதுச் சோதனையின் ஓட்டையையும் சொல்லணும். 37 மூட்டையை 73 என்றோ, 73-ஐ 37 என்றோ பதிஞ்சால் அது கண்டுபிடிக்காது, இலக்கங்கள் அதேதான். வித்தியாசமோ 36,648 ரூபாய். அதைவிட முக்கியம், ரசீதில் ஏறாத நெல் எந்த ரசீதுச் சோதனையிலும் சிக்காது. மூட்டைக்கு ஒரு கிலோ கூடுதலா எடை போட்டால் 50 மூட்டைக்கு 50 கிலோ போச்சு, 1272 ரூபாய் 50 காசு. ரசீதில் 50 மூட்டை, 50,900 என்று அழகா 5-க்கு 5 பொருந்தி நிற்கும்.

அதைப் பிடிக்க வேற ஒரு தாவல் வேணும், தராசுப் பக்கத்தில். காலிச் சாக்கு 580 கிராம்னு வைத்தால் மூட்டை 40.580 கிலோ. இதன் கிராம் பகுதி மட்டும்: 580, 160, 740, 320, 900, 480, 060... ஒவ்வொரு தடவையும் 580 ஏறும், இல்லாட்டி 420 இறங்கும். இருபதின் மடங்கு அத்தனையையும் ஒரு தடவை தொட்டுவிட்டு, 50-ஆவது மூட்டையில் 000-க்கு வந்து சேரும். அப்போ மொத்தம் 2029 கிலோ. மூட்டைக்கு மூட்டை தராசு காட்டுறதைக் குறிச்சுக்கிட்டே வந்தால், ஐம்பதாவதில் பார்க்க வேண்டிய எண் அதுதான். அஞ்சு மூட்டைக்கு ஒருதரம் பார்க்கணும்னா 202.900. இது நினைவில் வைக்கச் சுலபம், அஞ்சு மூட்டை ரெண்டு குவிண்டால், சாக்கு 2 கிலோ 900.