காதில் வைக்கும் வெப்பமானியும் வாயில்லா ஜீவன்களும்

மடுல்கெல்லையிலிருந்து பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்குச் செல்வதாயின் பன்வில, வத்துகாமம் வழியாகக் கண்டிக்கு இறங்கி, நகர நெரிசலைக் கடந்து மேலும் பயணிக்க வேண்டும். இரவு வேளையில் வீட்டு நாயோ பூனையோ உணவை மறுத்துச் சுருண்டு படுத்துக்கொண்டால், உடனே முச்சக்கர வண்டியை அமர்த்துவதா, விடியும் வரை பொறுப்பதா என்பதை வெப்பமானி காட்டும் எண்ணே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மூக்கைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலை அறியலாம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை.

2020 இல் கொவிட் பரவிய பின்னர் வெப்பமானி பல வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. மனிதருக்கென வாங்கிய அக்கருவியையே வளர்ப்புப் பிராணிகளுக்கும் பயன்படுத்துவோர் உள்ளனர். இங்குதான் இரு தவறுகள் ஒருங்கே நேர்கின்றன.

முதலாவது, எண்ணைப் பற்றியது. 37 பாகை செல்சியஸ் என்பது ஜேர்மனிய மருத்துவர் வுண்டர்லிச் 1868 இல் வெளியிட்ட நூலின் மூலம் நிலைபெற்ற மனித அளவாகும். நாய்க்கும் பூனைக்கும் ஏறத்தாழ 38 முதல் 39.2 பாகை வரை இயல்பானது. இதனை அறியாதோர் நலமாயுள்ள பூனைக்குக் காய்ச்சல் என எண்ணி பனடோல் கொடுத்துவிடுகின்றனர். அதிலுள்ள பரசிட்டமோலை முறையாகச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதியளவு இல்லை. குருதி ஒட்சிசனைச் சுமக்கும் தன்மையை இழக்கிறது. முரசு கபில நிறமாகிறது. ஒரேயொரு மாத்திரையே உயிரைப் பறிக்கலாம். பூனை வளர்ப்பு முஸ்லிம் இல்லங்களில் நெடுங்கால வழக்கம். பூனைக்குட்டியின் தந்தை எனப் பொருள்படும் பெயரால் அறியப்பட்டவரன்றோ அபூஹுரைரா (ரழி) அவர்கள்! அன்பின் மிகுதியாலேயே அந்த மாத்திரை கொடுக்கப்படுகிறது என்பதுதான் வேதனை.

இரண்டாவது, காதின் அமைப்பைப் பற்றியது. காது வெப்பமானி செவிப்பறையிலிருந்து வெளிப்படும், கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ்க் கதிர்களை அளக்கிறது. மூளைக்குச் செல்லும் குருதியோட்டத்துடன் செவிப்பறை நெருங்கிய தொடர்புடையதாதலால் அது உடலின் உள்வெப்பத்தை ஓரளவு காட்டும். ஆனால் நாயின் காதுக் குழாய் முதலில் கீழ்நோக்கி இறங்கிப் பின்னர் உட்புறமாக வளைகிறது. மனிதருக்கான குட்டையான முனை அந்த வளைவைத் தாண்டிச் செவிப்பறையைப் பார்ப்பதில்லை. குழாயின் சுவரையே அளந்து குறைவான எண்ணைத் தருகிறது. உண்ணிக் காய்ச்சலால் உண்மையில் 40 பாகையில் கொதிக்கும் நாய்க்கு அக்கருவி 37.5 எனக் காட்டினால், மனித அளவை மனதிற்கொண்டவர் நிம்மதியாக உறங்கச் செல்வார். ஒரு தவறை மற்றத் தவறு மறைத்துவிடுகிறது.

பிராணிகளுக்கென நீண்ட முனையுடன் செய்யப்பட்ட காது வெப்பமானியாயினும் கவனம் தேவை. காது மடலை மெதுவாக வெளிப்புறமாக இழுத்துக் குழாயை நேராக்கி, முனையை வலிந்து தள்ளாமல் எதிர்ப்புறத் தாடையை நோக்கிச் செலுத்த வேண்டும். முனையிலுள்ள வில்லை துப்புரவாயிருக்க வேண்டும். காதில் அழுக்கோ அடர்ந்த மயிரோ அழற்சியோ இருந்தால் அளவு பிழைக்கும். சீழ் வடியும் காதை அளக்கவே கூடாது. நக்கிள்ஸ் அடிவாரத்தின் பனிக் குளிரில் திரிந்துவிட்டு வந்த நாயை உடனே அளப்பதிற் பயனில்லை. வீட்டினுள் சிறிது நேரம் அமைதியாக இருத்திய பின் அளத்தல் வேண்டும். ஒரே காதில் இரண்டு மூன்று முறை அளந்து, எண்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி வருகின்றனவா எனப் பார்ப்பது நன்று.

இவற்றினும் மேலானது, பிராணி நலமாயிருக்கும் நாளிலேயே அதே கருவியால் அளந்து குறித்து வைப்பதாகும். நோயுற்ற நாளில் ஒப்பிட அதுவே அளவுகோல்.

ஐயம் எழுந்தால் மலவாயில் வைத்து அளக்கும் இலக்க வெப்பமானியே நம்பகமானது. முனையில் வஸ்லின் தடவி, ஓரிரு சென்ரிமீற்றர் மட்டும் செலுத்தி, ஒலி எழும்வரை வைத்திருந்தால் போதும். அதனை அப்பிராணிக்கென்றே ஒதுக்கிவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தோட்டத்து மாட்டுக்கும் ஆட்டுக்கும் இம்முறையே உகந்தது. இரசம் கொண்ட கண்ணாடி வெப்பமானி திமிறும் பிராணியிடம் உடைந்துபோகலாம்.

நாயோ பூனையோ 40 பாகையைத் தாண்டினால் மிருக வைத்தியரை நாடுவதைப் பிற்போடலாகாது. 41 ஐ நெருங்கினால் விடியும்வரை காத்திருப்பதும் ஆபத்து. 37 இற்கும் கீழே இறங்கிய உடல் வெப்பமும் அவ்வாறே அவசர நிலைதான். வைத்தியருக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லும்போது எண்ணோடு நிறுத்தாமல், எந்தக் கருவியால், உடலின் எவ்விடத்தில், எத்தனை மணிக்கு அளந்தோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.